கிஸ்திக் கணக்கில் கிடைத்த எள்ளுத்தாத்தா

(நமது உறுப்பினர் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு 'நம் பூர்வீகம்'. சோழ ராஜா காலத்திலிருந்து ஆரம்பித்துவிடுவேனோ என்று முன்வரிசையில் இருப்பவர்கள் பயப்பட வேண்டாம். நான் தேடிப் போனது ஒரே ஒரு மனிதரை. 1840 வாக்கில் பிறந்து, பழைய தஞ்சாவூர் ஜில்லாவில் காவேரிப் பாசனத்தில் ஒரு சின்னக் கிராமத்தில் பயிர்த்தொழிலை நம்பி வாழ்ந்து, 1883-ல் காலமான ஒரு சாதாரண மிராசுதார். என் கொள்ளுத்தாத்தாவின் தகப்பனார். தமிழில் இந்த உறவுக்கு எள்ளுத்தாத்தா என்று பேர்.

அமாவாசைக்கு அமாவாசை தர்ப்பணம் பண்ணும்போது பிதா, பிதாமஹர், ப்ரபிதாமஹர் என்று மூன்று தலைமுறைக்குப் பெயர் சொல்கிறோம். அதே மாதிரி தாயார், பாட்டி, கொள்ளுப்பாட்டி. நாலாவது தலைமுறைக்குப் பெயர் கிடையாது. தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருக்குமாகச் சேர்த்து ஒரு கை எள்ளும் தண்ணீரும் விடுகிறோமே, அதில்தான் அவருக்குப் பங்கு. ஆகவே வைதிக ஏற்பாட்டின்படி அவர் பெயரை மறப்பதற்கு நமக்கு அனுமதி உண்டு. சர்க்கார் மட்டும் மறக்கவில்லை. காரணம், அவர் வருஷா வருஷம் கிஸ்தி கட்டியவர். வரி கட்டுகிறவன் பெயரை எந்த ராஜ்யமும் பத்திரமாகத்தான் வைத்திருக்கும்.

நான் ஏன் அவரைத் தேடினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. எங்களுக்கு நாற்பது வேலி நிலம் இருந்தது. தாது வருஷப் பஞ்சத்தில் கஷ்டம் வந்தது. எள்ளுத்தாத்தா அற்பாயுசில் போய்விட, அவருடைய தாயாதி ஒருவர், எழுதப் படிக்கத் தெரியாத விதவையிடம் கையெழுத்து வாங்கிச் சொத்தைச் சுருட்டிக்கொண்டார் என்பது கதை. இதன் காரணமாக அந்தத் தாயாதி குடும்பத்தோடு எங்களுக்கு நாலு தலைமுறையாகப் பேச்சு கிடையாது. கல்யாணப் பத்திரிகை வராது, போகாது. ஆனால் பாருங்கள், பேச்சு இல்லாவிட்டாலும் தீட்டு உண்டு. அவர்கள் வீட்டில் யாராவது போனால் ஒரு தபால் கார்டு வரும். அப்பா வாசலிலேயே நின்று படித்துவிட்டு, கிழித்துப் போட்டுவிட்டு ஸ்நானம் செய்வார். பத்து நாள் காப்போம். இரண்டு வீட்டுக்கும் நடுவே மிச்சம் இருந்த உறவு அந்தக் கார்டு ஒன்றுதான்.

பெயர்களையும் ஊரையும் இங்கே சொல்லப் போவதில்லை. இரண்டு வீட்டாரும் இந்த இதழின் வாசகர்கள்!

நான் மத்திய சர்க்காரில் முப்பத்தைந்து வருஷம் உத்தியோகம் பார்த்து, நாலு ராஜ்யங்களில் மாறி மாறி இருந்தவன். படித்தது பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. லாபரட்டரியில் ஒரு உப்பைக் கொடுத்து என்ன உப்பு என்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். ஒரு டெஸ்டில் நிறம் வந்துவிட்டது என்று நோட்டில் எழுதினால் மார்க் கிடைக்காது. கன்ஃபர்மேட்டரி டெஸ்ட் என்று இன்னொன்று செய்து காட்ட வேண்டும். அந்தப் பழக்கத்தில், ஓய்வு பெற்ற பிறகு, இந்தக் கதைக்கும் ஒரு டெஸ்ட் வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

முதலில் கிடைக்காதது எது என்று சொல்கிறேன். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நூறு வருஷத்துக்கு முந்தைய ஜனக்கணக்கு ஏடுகளை எடுத்தால், வீடு வீடாகப் பெயரும் வயதும் தொழிலும் இருக்கும். நம் பேரக் குழந்தைகள் அதைப் பார்த்துவிட்டு, "தாத்தா, நம்மதும் பார்க்கலாமே" என்பார்கள். சென்னை மாகாணத்திலும் 1871-ல் ஜனக்கணக்கு எடுத்தார்கள். ஆனால் கூட்டுத் தொகைகளை அச்சிட்டார்களே தவிர, வீட்டுக்கு வீடு எழுதிய தாள்களைப் பாதுகாக்கவில்லை. பிறப்பு இறப்புப் பதிவுக்கு சென்னை மாகாணத்தில் தனிச் சட்டம் 1899-ல்தான் வந்தது. ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டு மனிதரைப் பிறப்புச் சான்றிதழ் வழியாகப் பிடிக்கலாம் என்ற ஆசையை விட்டுவிடுங்கள்.

அவரைப் பிடிக்க வேண்டிய இடம் நிலம். அதிலும் பெயரை வைத்துத் தேடினால் வழி தவறிப் போகும். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர். எள்ளுத்தாத்தா பெயர்தான் என் தாத்தாவுக்கு, அதுவே எனக்கும். அண்ணன் தம்பி மூன்று பேர் என்றால், மூன்று பேருடைய மூத்த பிள்ளைகளுக்கும் ஒரே பெயர். முப்பது வீடு உள்ள அக்ரஹாரத்தில் ஒரே காலத்தில் ஒரே பெயரில் நாலு பேர் இருந்திருக்கிறார்கள். அதில் இரண்டு பேருக்குத் தகப்பனார் பெயரும் ஒன்றே. நிலத்துக்கு அந்தக் குழப்பம் இல்லை. வாய்க்கால் ஓரத்து நிலம் என்றைக்கும் வாய்க்கால் ஓரத்தில்தான் இருக்கும்.

எனக்கு ஆரம்பமாகக் கிடைத்தது, அப்பாவின் டிரங்குப் பெட்டியில் இருந்த 1956-ஆம் வருஷத்துக் கிரயப் பத்திரத்தின் நகல். எங்கள் குடும்பத்தின் கடைசி நிலத்தை விற்ற பத்திரம். இந்த மாதிரிப் பத்திரத்தில் விலையைத் தேடாதீர்கள். சொத்து எப்படி வந்தது என்று எழுதியிருக்கும் வரியைத் தேடுங்கள். பிதுரார்ஜிதம் என்று இருக்கும், அல்லது இன்ன வருஷத்து இன்ன நம்பர் பாகப் பத்திரப்படி என்று இருக்கும். அந்த நம்பரைப் பிடித்தால் அதற்கு முந்தைய பத்திரம். அதிலிருந்து இன்னும் முந்தையது. சங்கிலி மாதிரி பின்னாலேயே போகலாம்.

எவ்வளவு தூரம் போகலாம் என்றால், ஏறத்தாழ 1865 வரை. இந்தியாவில் பத்திரப் பதிவுச் சட்டம் 1864-ல் இயற்றப்பட்டு அடுத்த வருஷம் அமலுக்கு வந்தது. நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்துக் கிரயங்களைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று ஆயிற்று. பதிவு அலுவலகத்தில் முதல் புத்தகம் என்று ஒன்று உண்டு. கிரயம், அடமானம், பாகம் எல்லாம் அதில் வார்த்தைக்கு வார்த்தை நகல் எடுத்து எழுதப்பட்டிருக்கும். இதற்கு இரண்டு அட்டவணைகள். ஒன்று ஆட்களின் பெயர்ப்படி, இன்னொன்று சொத்தின்படி. நான் சொன்ன காரணத்தால் இரண்டாவதைக் கேளுங்கள்.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல். உங்கள் கிராமம் இன்றைக்கு எந்த சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கிறதோ, 1885-லும் அதிலேயே இருந்தது என்று அர்த்தமில்லை. புதிது புதிதாக அலுவலகங்கள் ஏற்பட்டபோது கிராமங்களைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். பழைய புத்தகங்கள் பழைய அலுவலகத்திலோ, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துப் பதிவறையிலோ இருக்கும். நான் போன ஓர் இடத்தில் "அதெல்லாம் கரையான் தின்னுடுத்து சார்" என்றார்கள். நானும் அந்த மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தவன்தானே! முதல் தடவை 'இல்லை' என்றால் 'இன்னொரு நாள் வா' என்று அர்த்தம். மூன்றாவது தடவை போனபோது, எழுத்துப்பூர்வமாக மனுக் கொடுத்து, தேடுதல் கட்டணம் கட்டியபின், கரையான் தின்னாத புத்தகம் வந்தது. உங்களுக்குப் பொறுமை போய்விட்டால் 2005-ஆம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. எனக்கு அதற்கு அவசியம் ஏற்படவில்லை.

பழைய பத்திரங்களைப் படிப்பதற்கு இரண்டு கணக்குகள் தெரிந்திருக்க வேண்டும். பசலி என்பது வருவாய்த் துறையின் வருஷம், ஜூலை முதல் ஜூன் வரை. அத்துடன் 590-ஐக் கூட்டினால் இங்கிலீஷ் வருஷம் வரும். பசலி 1294 என்றால் 1884-85. இரண்டாவது, தமிழ் வருஷப் பெயர். அறுபது வருஷத்துக்கு ஒரு முறை அதே பெயர் திரும்பி வரும் என்பதால், தாரண வருஷம் என்று மட்டும் இருந்தால் அது 1824-ஆ, 1884-ஆ, 1944-ஆ என்று பார்க்க வேண்டும். தை, மாசி மாதமாக இருந்தால் இங்கிலீஷ் வருஷம் ஒன்று கூடிவிடும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

சங்கிலியில் பின்னோக்கிப் போகும்போது 1890-களில் ஒரு மேடு வரும். சென்னை மாகாணத்தில் சர்வே, செட்டில்மெண்ட் வேலைகள் 1858 வாக்கில் துறைகளாக அமைந்து ஜில்லா ஜில்லாவாக நடந்தன. தஞ்சாவூருக்கு அந்த ஒழுங்கான செட்டில்மெண்ட் 1890-களில்தான் வந்தது. அதன் பிறகுதான் ஒவ்வொரு புலத்துக்கும் சர்வே எண், பரப்பு, மண்ணின் தரம், தீர்வை, பட்டாதாரர் பெயர் என்று வரிசையாக ஒரு பதிவேடு. அதற்கு முந்தைய பத்திரங்களில் பைமாஷ் எண்ணும், புலத்தின் பேரும், நாலெல்லையும்தான். மேற்கே இன்னாருடைய நிலம், கிழக்கே வாய்க்கால், வடக்கே கோயில் மானியம், தெற்கே வண்டிப்பாதை என்கிற மாதிரி. நம் கிராமங்களில் புலத்துக்குப் பேர் உண்டு. நாவல்மரத்தடி, மதகடி என்று கூப்பிடுவார்கள். அந்தப் பேர்தான் எனக்குப் பாலமாக அமைந்தது.

இதற்காக ஊருக்குப் போனேன். அக்ரஹாரத்தில் விசாரித்தால் பிரயோஜனம் இல்லை. இருந்த ஐந்தாறு வீட்டுக்காரர்களும் பிற்பாடு வந்தவர்கள். அந்தப் புலங்களை இப்போது சொந்தமாகப் பயிர் செய்யும் பெரியவர் ஒருவரைப் பார்த்தேன். பத்திரத்தில் இருந்த பேரைச் சொன்னேன். "அதுவா? வாங்க சாமி" என்று வரப்பிலேயே அழைத்துக்கொண்டு போய்விட்டார். அவருடைய தாத்தாவும் அதற்கு மேலும் அந்த நிலத்தில்தான் வேலை செய்தார்களாம். நூற்றுமுப்பது வருஷத்துக்கு முன்னால் எழுதப்பட்ட பேர் அவர் வாயில் அப்படியே இருந்தது. எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் அது தெரியாது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போவது நியாயமில்லை. 1879-ஆம் வருஷத்துப் பத்திரம் ஒன்றில் எள்ளுத்தாத்தாவை "வயது 39, பிராமணர், ஜீவனம் மிராசு" என்று எழுதியிருக்கிறது. விவசாயிதான், சந்தேகமில்லை. எப்போது குறுவை, எப்போது சம்பா, எந்த மதகில் எத்தனை நாழிகை தண்ணீர் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படியாக இருந்திருக்கும். ஆனால் ஏர் பிடித்தவர் அவர் இல்லை. பிடித்தவர்கள் பண்ணையாட்கள். அடிமை என்ற நிலைக்குக் கோர்ட்டில் அங்கீகாரம் கிடையாது என்று சட்டம் வந்ததே 1843-ல்தான். எள்ளுத்தாத்தா அப்போது குழந்தை. பண்ணையாட்களுக்கு என்று தஞ்சாவூரில் ஒரு பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு 1952 ஆயிற்று. நான் புரட்டிய ஏடுகளில் தென்னை மரத்துக்கு எண்ணிக்கை இருக்கிறது, கிணற்றில் இத்தனை பங்கு என்று இருக்கிறது, வைக்கோல் போர் போடும் களம் இருக்கிறது. உழுதவர் பெயர் ஒன்றுகூட இல்லை. எனக்கு என் எள்ளுத்தாத்தாவைத் தேட ஒரு அலமாரி காகிதம் இருக்கிறது. என்னை வரப்பில் அழைத்துப்போன பெரியவருக்குத் தன் எள்ளுத்தாத்தாவைத் தேட அந்த அலமாரியில் ஒரு வரி கிடையாது.

சரி, கதைக்கு வருகிறேன்.

நாற்பது வேலி என்பது முதலில் போயிற்று. ஒரு வேலி என்பது இருபது மா. ஏக்கர் கணக்கில் சுமார் ஆறரைக்குக் கொஞ்சம் மேல். எள்ளுத்தாத்தாவுக்கு இருந்தது மொத்தம் ஒண்ணேகால் வேலி. அதாவது இருபத்தைந்து மா. நாற்பது வேலி என்பது ஒருவேளை அந்தக் கிராமத்தின் பெரும்பகுதியாக இருந்திருக்கலாம். அந்தக் காலத்தில் பல கிராமங்களில் நிலம் சமுதாயமாக இருந்து, பங்குக்காரர்கள் கரையீடு செய்து மாற்றி மாற்றி அனுபவித்தார்கள். பங்குக்காரர் ஒவ்வொருவர் வீட்டிலும் முழுக் கிராமமும் நம்முடையது என்று பேசியிருப்பார்கள் போலும்!

இரண்டாவது, தாது வருஷப் பஞ்சம். 1876-78-ல் சென்னை மாகாணம் பட்ட பாட்டைப் பற்றிச் சந்தேகம் இல்லை. ஆனால் அதன் கொடுமையான பாகம் பல்லாரி, கடப்பை, சேலம் போன்ற வறண்ட ஜில்லாக்களில். காவேரிப் பாசனப் பகுதி பெரும்பாலும் தப்பியது. நெல் விலை ஏறியதில் நிலம் உள்ளவர்களுக்கு நாலு காசு கிடைத்தது என்றே சொல்ல வேண்டும். எள்ளுத்தாத்தா டவுனில் இருந்த ஒரு லேவாதேவிக்காரரிடம் நிலம் முழுவதையும் அடமானம் வைத்தது பஞ்சம் முடிந்த பிறகு, 1879-ல். காரணம் பத்திரத்திலேயே இருக்கிறது. குடும்பச் செலவு, பெண் கல்யாணம். நாம் கல்யாணத்துக்காகக் கடன்படுவது புதிதல்ல என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

மூன்றாவது, தாயாதி. இதுதான் நான் பயந்துகொண்டே திறந்த பக்கம். தாரண வருஷம் தை மாதம், அதாவது 1885 ஜனவரிக் கடைசி. கிரயப் பத்திரம். எழுதிக் கொடுத்தவர், "சுபானு வருஷம் ஐப்பசி மாதம் காலமான" இன்னாருடைய குமாரன் மைனருக்குத் தாயாரும் கார்டியனுமான அம்மாள். எழுதி வாங்கியவர் அதே தாயாதி. ஆக, விதவை, தாயாதி, எழுதப் படிக்கத் தெரியாமை, மூன்றும் வாஸ்தவம். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் கீறல் என்று எழுதியிருக்கிறது. அந்த அம்மாளின் பெயரை நான் முதன்முதலாகப் பார்த்தது அங்கேதான். எங்கள் குடும்பத்தில் அந்தப் பெயரை எந்தப் பெண்ணுக்கும் வைத்ததில்லை.

இத்தோடு நிறுத்தியிருந்தால் கதை நிரூபணமாகிவிட்டது என்று வந்திருக்கலாம். முழுதும் படித்தேன். விற்றது இருபத்தைந்து மாவில் பதினைந்து. கிரயத் தொகையில் முதலில் டவுன் லேவாதேவிக்காரருக்குச் சேர வேண்டிய அசலும் வட்டியும் வாங்குகிறவரே நேரில் கட்டி, மொத்த நிலத்தின் மேல் இருந்த அடமானத்தையும் மீட்டுக் கொடுக்க வேண்டும்; மீதியை அம்மாள் கையில் ரொக்கமாகக் கொடுக்க வேண்டும். பாக்கிப் பத்து மா வில்லங்கமில்லாமல் மைனருக்கு நிற்கும். சாட்சிகள் மூன்று பேர். அதில் ஒருவர், வேறு கிராமத்துக்காரர், "மைனரின் தாய்மாமன்" என்று போட்டிருக்கிறது. அக்கா குடும்பத்தை ஏமாற்றுகிற பத்திரத்துக்குத் தம்பியே வந்து சாட்சி போடுவாரா? போடலாம், உலகத்தில் எதுவும் நடக்கும். ஆகவே கன்ஃபர்மேட்டரி டெஸ்ட் வேண்டும்.

இரண்டு செய்தேன். ஒன்று விலை. அதே புத்தகத்தில் முந்தைய வருஷமும் அந்த வருஷமும் எங்கள் கிராமத்திலும் பக்கத்துக் கிராமங்களிலும் நடந்த நஞ்சைக் கிரயங்களைக் குறித்துக்கொண்டு, மாவுக்கு என்ன விலை என்று வகுத்துப் பார்த்தேன். எங்கள் நிலம் போன விலை அந்த வரிசையில் நடுவில் இருந்தது. சல்லிசாகப் போகவில்லை. இரண்டாவது, பணம் எங்கிருந்து வந்தது என்பது. பெயர் அட்டவணையில் அந்தத் தாயாதியின் பெயரைத் தொடர்ந்து பார்த்ததில், நாலு நாளைக்கு முன்பு அவர் தன் சொந்த நிலத்தை அதே டவுன்காரரிடம் அடமானம் வைத்திருக்கிறார். கடன் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அதை அவர் தீர்ப்பதற்கு ஒன்பது வருஷம் ஆகியிருக்கிறது.

அவர் பெரிய தர்மிஷ்டர் என்று நான் சொல்ல வரவில்லை. அவருக்குக் கிடைத்த பதினைந்து மா வாய்க்கால் தலைப்பில் இருப்பது. தண்ணீர் முதலில் பாய்வது அங்கேதான். எங்களுக்கு நின்ற பத்து மா கடைமடை. அந்த ஆசை அவருக்கு இருந்திருக்கும். வருஷா வருஷம் தண்ணீர் விடுவதில் வாய்ச்சண்டை வந்து, அது வளர்ந்து வளர்ந்து சொத்தைச் சுருட்டிய கதையாக ஆகியிருக்கும் என்பது என் ஊகம். பத்திரம் கணக்கைச் சொல்லும். திண்ணையில் யார் யாரை என்ன சொன்னார்கள் என்பது பதிவாகாது. ஆனால் 1890-களின் செட்டில்மெண்ட் பதிவேட்டில் அந்தப் பத்து மா, ஏக்கர் கணக்கில் சுமார் மூன்றேகால், என் கொள்ளுத்தாத்தா பெயரில் பட்டாவாக இருக்கிறது. 1872-ல் பிறந்தவர். அப்பா போனபோது பதினொரு வயது. எங்கள் தாத்தா கும்பகோணத்தில் படித்தது அந்தப் பத்து மாவின் நெல்லில். தாது வருஷமும் நாற்பது வேலியும் சொன்ன கதையில் இந்தப் பத்து மாவைக் காப்பாற்றிய அம்மாளைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது, 'பாவம், ஒண்ணும் தெரியாதவள்' என்பதைத் தவிர. ஒன்றும் தெரியாதவர் பதினைந்தைக் கொடுத்துப் பத்தைக் கடனில்லாமல் நிறுத்தியிருக்கிறார்.

எல்லோரும் தஞ்சாவூர்க்காரர்கள் இல்லை என்பதால் மற்றவர்களுக்கும் இரண்டு வார்த்தை. உங்கள் முன்னோருடையது இனாம் நிலம் என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலிகள். 1858-ல் ஏற்பட்ட இனாம் கமிஷன் ஒவ்வொரு இனாமையும் விசாரித்து எழுதிய பதிவேடுகளில், முதலில் யார் கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது, இப்போது அனுபவிக்கிறவர் யார், அவர் வயது, முதல் ஆளுக்கு என்ன உறவு என்பதெல்லாம் உண்டு. எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள். பாலக்காட்டுக்காரர்களுக்கு, மலபார் சென்னை மாகாணத்து ஜில்லாவாக இருந்ததால், எழும்பூரோடு கோழிக்கோட்டு ஆவணக் காப்பகத்தையும் பார்க்க வேண்டும். செங்கோட்டை, நாகர்கோவில்காரர்கள் 1956 வரை திருவிதாங்கூர் பக்கம். திருவனந்தபுரம் போக வேண்டும், அங்கே வருஷம் கொல்லம் ஆண்டு, 825 கூட்டிக்கொள்ளுங்கள், ஆண்டின் முதல் சில மாதங்களுக்கு 824. புதுக்கோட்டை 1948 வரை தனி சமஸ்தானம். கிராமக் கணக்குகளை நம்பி யாரும் கர்ணம் வீட்டுத் திண்ணைக்குப் போக வேண்டாம். பரம்பரைக் கிராம அதிகாரிகள் பதவி 1980-ல் எடுக்கப்பட்டது. கணக்குகள் கைமாறியபோது எல்லாம் வந்து சேர்ந்ததாகச் சொல்ல முடியாது. பழைய சர்வே எண்ணுக்கும் இன்றைய எண்ணுக்கும் தொடர்பு வேண்டுமானால் 'அ' பதிவேட்டில் பழைய புல எண் என்று ஒரு பத்தி இருக்கிறது. 1979-ல் ஆரம்பித்த யு.டி.ஆர். திட்டத்தில் உட்பிரிவுகள் நிறைய மாறியிருப்பதால் அதைப் பார்க்காமல் இன்றைய பட்டாவை மட்டும் வைத்துப் பேசாதீர்கள்.

கடைசியாக ஒன்று. பதிவு அலுவலகத்தில் இருப்பது நகல்தான். குமாஸ்தா கையால் பார்த்து எழுதியது. மூலப் பத்திரம் யாரிடம் இருக்கும்? வாங்கினவரிடம். ஆக, என் எள்ளுப்பாட்டி தன் கையால் போட்ட கீறலைப் பார்க்க வேண்டுமென்றால், நாலு தலைமுறையாக நாங்கள் பேசாத வீட்டில்தான் கேட்க வேண்டும்.

நமது உறுப்பினர் பட்டியலைப் புரட்டினேன். அந்த வீட்டுப் பிள்ளை, அவருக்கும் எழுபதைத் தாண்டிவிட்டது, வடக்கே ஓர் ஊரில் இருக்கிறார். போன் செய்து இன்னார் என்று சொன்னேன். சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு, "யார் தவறிட்டா?" என்று கேட்டார். எங்களிடமிருந்து வேறு எதற்கும் சேதி வந்து அவருக்குப் பழக்கமில்லையே! "யாரும் இல்லை, எல்லோரும் சௌக்கியம்" என்று சொன்ன பிறகுதான் பேச்சு ஆரம்பமாயிற்று. அவர்கள் வீட்டில் சொல்லிவந்த கதை வேறு. கடன் வாங்கிக் கொடுத்துக் குடும்பத்தைத் தூக்கிவிட்டோம், அந்தப் பிள்ளை பெரியவனானதும் மதகடியில் நின்று திட்டினான் என்பது அவர்கள் கதை. என் கொள்ளுத்தாத்தாவைச் சொல்கிறார்!

பத்திரம் இருக்கிறது. அவர் அப்பா தகரக் குழாயில் சுருட்டி வைத்திருந்தாராம். மடித்த இடங்களில் விட்டுப்போயிருக்கிறது, மை பழுப்பாகிவிட்டது. லாமினேட் செய்யலாமா என்று கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன், இதை நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய காகிதம் அதில் கெட்டுப்போகும், திரும்ப எடுக்கவும் முடியாது. அமிலமில்லாத காகித உறையில் நேராக விரித்து வைத்தால் போதும். படம் எடுத்து அனுப்பினார். கீழே வலது பக்கம் ஒரு குறி. நேர்கோடாக இழுக்க ஆரம்பித்து, நடுவில் பேனா அழுந்தி மை பரவி, பிறகு ஒரு வழியாக முடிந்திருக்கிறது. பக்கத்தில் இது இன்னார் கீறல் என்று தாய்மாமன் கையெழுத்தில் எழுதியிருக்கிறது.

இன்னும் 1865-க்கு முந்தைய பாகம் பாக்கி இருக்கிறது. எழும்பூரில் தஞ்சாவூர் ஜில்லா ஆவணங்களில் பங்குக்காரர் பட்டியல் ஏதாவது அகப்படுகிறதா என்று பார்க்க இரண்டு பேருமாக மாசி மாதம் போவதாக இருக்கிறோம். மராட்டியர் காலத்து மோடி எழுத்தில் ஏதாவது வந்துவிட்டால் எங்கள் இருவருக்கும் படிக்கத் தெரியாது. இந்தச் சபையில் மோடி தெரிந்தவர் யாராவது இருந்தால் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள்.